தரநிலை எழுதும் மேசையில் யார் இருக்கிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் அலுவலகத்திலோ குடியிருப்பின் மாடிப்படி ஓரத்திலோ மாட்டியிருக்கும் சிவப்புத் தீயணைப்பானைச் சற்று அருகில் சென்று பார்த்தால், ஐ.எஸ்.ஐ. முத்திரையின் தலைப்பில் ஐ.எஸ். 15683 என்ற எண் இருக்கும். அந்த உருளை எவ்வளவு அழுத்தம் தாங்க வேண்டும், எத்தனை விநாடி பீய்ச்ச வேண்டும், எவ்வளவு பெரிய நெருப்பை அணைத்துக் காட்ட வேண்டும் என்பதையெல்லாம் அந்த எண்ணுக்குரிய இந்தியத் தரநிலை என்னும் ஆவணம் வரையறுக்கிறது. அந்த ஆவணத்தை எழுதுவதும் திருத்துவதும் யார், அதில் வெளியார் சொல் எடுபடுமா என்பதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

தீயணைப்பில் பொதுத் தரநிலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்ததே சான்று. வாஷிங்டனிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் உதவிக்கு ஓடிவந்த வீரர்கள், தாங்கள் கொண்டுவந்த குழாய்களின் கப்ளிங், அதாவது இணைப்பு முனை, பால்டிமோரின் ஹைட்ரண்டுகளில், அதாவது தீயணைப்புக்கான தெருவோர நீர்முனைகளில், பொருந்தாததால் கைபிசைந்து நின்றார்கள். 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. மறு ஆண்டே பொது அளவு ஒன்று வகுக்கப்பட்டது. ஆனாலும் 1991-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் தீப்பிடித்தபோது, பக்கத்து ஊர்களின் குழாய் இரண்டரை அங்குலமாகவும் ஓக்லாந்தின் ஹைட்ரண்ட் மூன்று அங்குலமாகவும் இருந்ததால் அதே சிக்கல் திரும்பியது. நம் நாட்டில் தீயணைப்புக் குழாயின் கப்ளிங்குக்கு ஐ.எஸ். 903 இருக்கிறது.

தரநிலை உருவாவதில் செல்வாக்குச் செலுத்துவது என்றால், அதன் தவறான வழியையும் தெரிந்துகொள்வது நல்லது. கட்டடங்களில் மின்கம்பி செல்லும் குழாய் எஃகாக மட்டுமே இருக்கலாம் என்றிருந்த இடத்தில் பி.வி.சி. குழாயையும் அனுமதிக்கலாம் என்ற யோசனை, அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்திடம் வந்தது. சங்கத்தின் நிபுணர் குழு அதை ஏற்றுக்கொண்டது. 1980-ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டம் நிராகரித்தால் ஒழிய அது நிறைவேறிவிடும். பி.வி.சி. எரிந்தால் நச்சுப்புகை எழும் என்றார்கள் எஃகுக் குழாய்த் தயாரிப்பாளர்கள். அது எடைபோட்டுப் பார்க்க வேண்டிய வாதம்தான். ஆனால் அவர்கள் வாதத்தோடு நிற்கவில்லை. அலைடு டியூப் என்ற நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் 230 பேரைப் புதிதாக உறுப்பினர்களாக்கி, செலவையும் ஏற்று, கூட்டத்துக்கு அழைத்துவந்தார்கள். எங்கே உட்கார வேண்டும், எப்போது எப்படி வாக்களிக்க வேண்டும் என்பது வாக்கி-டாக்கி வழியாகவும் கைச்சாடை வழியாகவும் சொல்லப்பட்டது. அப்படி வந்தவர்களில் ஒருவர்கூட எழுந்து தம் காரணத்தைச் சொல்லவில்லை. முடிவில் 394-க்கு 390 என்று நான்கே வாக்குகளில் யோசனை தோற்றது. மேல்முறையீடு செய்தபோது, விதிகளைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்களே தவிர மீறவில்லை என்று சங்கத்தின் இயக்குநர் குழு தள்ளுபடி செய்தது. பி.வி.சி. குழாய்த் தயாரிப்பாளரான இந்தியன் ஹெட் நிறுவனம் நீதிமன்றம் சென்றது. வழக்கைக் கேட்ட ஜூரி கணக்கிட்ட இழப்பீடு 38 லட்சம் டாலர், சட்டப்படி அதன் மும்மடங்கு. தனியார் சங்கத்தில் ஆள்சேர்த்து வாக்களிப்பதற்குப் வணிகப் போட்டியைக் காக்கும் சட்டத்திலிருந்து விலக்கு கிடையாது என்று 1988-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அந்தச் சங்கத்தின் தொழில்நுட்பக் குழுக்களில் எந்த ஒரு தரப்பும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி ஏன் வேண்டியிருக்கிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1947-இல் இந்தியத் தர நிர்ணயக் கழகமாகத் தொடங்கி, 1987-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக மாறிய நிறுவனத்தில் தீயணைப்புக் கருவிகளுக்கென ஒரு தொழில்நுட்பக் குழு உண்டு. உற்பத்தியாளர்கள், தீயணைப்புத் துறையினர், ஆய்வுக்கூடத்தினர், பயன்படுத்தும் நிறுவனத்தினர் ஆகியோர் இத்தகைய குழுக்களில் அமர்கிறார்கள். வரைவு தயாரானதும் பரவலான சுற்றுக்கு விடப்படுகிறது. அப்போது யாரும் கருத்து அனுப்பலாம், கட்டணம் இல்லை. வெளியான தரநிலைகளும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையேனும் மறு ஆய்வுக்கு வர வேண்டும். வாசல் திறந்துதான் இருக்கிறது, நுழைபவர்கள்தான் குறைவு. உற்பத்தியாளருக்கு ஒரு வாக்கியம் மாறினால் தொழிற்சாலையில் வார்ப்பச்சையே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், வரைவை வரிவரியாகப் படிக்கவே அவர் ஓர் ஆளை வைத்துக்கொள்வார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கருவியைத் தூக்கிக்கொண்டு தீக்குள் ஓடுபவருக்கோ, குடியிருப்பின் காவலாளிக்கோ அப்படி ஓர் ஆள் இல்லை என்பதுதான் என் கவலை.

கருத்து அனுப்புவதிலும் ஒரு முறை இருக்கிறது. அதற்கான படிவத்தில் பிரிவு எண், கருத்தின் வகை, கருத்தும் காரணமும், மாற்றாக முன்வைக்கும் வாசகம் எனத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பெரும்பாலோர் கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, கையுறை அணிந்தவர் தீயணைப்பானின் பாதுகாப்புப் பின்னை உருவ முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். 'பின் கடினமாக இருக்கிறது' என்று எழுதினால், குழுச் செயலர் அதைக் குறித்துக்கொள்வதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது. பல தயாரிப்புகளில் பத்துப் பதினைந்து கருவிகளை எடுத்து, வளையத்தில் சுருள்வில் தராசை மாட்டி இழுத்து, தேவைப்பட்ட விசையையும் வளையத்தின் உள்விட்டத்தையும் அட்டவணையாக்கி, இன்ன பிரிவில் இன்ன வாசகத்தைச் சேர்க்கலாம் என்று எழுதினால், அதை ஏற்கவோ காரணம் காட்டி மறுக்கவோ குழு விவாதித்தாக வேண்டியிருக்கும். தீயணைப்புத் துறையிலிருந்து தனித்தனியாகப் பத்துக் கடிதம் போவதைவிட, ஒரே அட்டவணையோடு ஒரு கடிதம் போவதற்கு மதிப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

பெரிய மாற்றங்களும் இப்படித்தான் வருகின்றன. முன்பு நீர் வகைக்கு ஒன்று, உலர்தூளுக்கு ஒன்று என்று தீயணைப்பான்களுக்குத் தனித்தனித் தரநிலைகள் இருந்தன. 2006-இல் வந்த ஐ.எஸ். 15683, செயல்திறனை முன்னிறுத்தி அவற்றை ஒருங்கே கொண்டுவந்தது. அடுக்கிய மரக்கட்டைகளையும் தட்டில் ஊற்றிய எரிபொருளையும் கொளுத்தி, கருவி எவ்வளவை அணைக்கிறதோ அதற்கேற்ப மதிப்பீடு தருகிறது. இன்றோ வீட்டு வாசலில் மின்ஸ்கூட்டர் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. லித்தியம் மின்கலம் பற்றி எரியும்போது வெளிச்சுடர் அடங்கினாலும் உள்ளே வெப்பம் தொடர்ந்து, மீண்டும் பற்றிக்கொள்ளக்கூடும்; மரக்கட்டைச் சோதனை இதைக் காட்டாது. இத்தகைய தீயை நேரில் கண்ட தீயணைப்பு நிலையங்கள், எதைப் பயன்படுத்தினார்கள், எவ்வளவு நேரம் கழித்து மீண்டும் பற்றியது என்பதைக் குறித்துவைத்தால், அடுத்த திருத்தத்தில் அதுவே முதல் ஆதாரமாகும்.

தொடங்க விரும்புவோர் முதலில் ஒரு தரநிலையின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். அமைவனத்தின் இணையதளத்தில் பதிவுசெய்துகொண்டால் இந்தியத் தரநிலைகளைக் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். அதை உருவாக்கிய குழுவில் எந்தெந்த நிறுவனங்கள் இருந்தன என்ற பட்டியல் அங்கே அச்சாகியிருக்கும். தயாரிப்பவர் எத்தனை, பயன்படுத்துபவர் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். முகப்பில் எண்ணையடுத்து இருக்கும் ஆண்டோடு ஐந்தைக் கூட்டினால், மறு ஆய்வு எப்போது என்பதும் தோராயமாகத் தெரிந்துவிடும். சென்னையில் அமைவனத்தின் அலுவலகம் தரமணியில் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.