வாகைக்குளம் விமான நிலையம்: கட்டிடத்தை விடுங்கள், ஓடுதளத்தைப் பாருங்கள்

(திரையில்: திருநெல்வேலி–தூத்துக்குடி நான்குவழிச் சாலை. வல்லநாடு தாண்டி வாகைக்குளம்.)

வணக்கம் மக்களே. வாகைக்குளம் விமான நிலையம், அதாவது தூத்துக்குடி விமான நிலையத்தின் புது முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. அன்றிலிருந்து எல்லோரும் கண்ணாடிச் சுவரையும் கூரையையும்தான் படம் பிடிக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பகுதிக்கு உண்மையிலேயே பெரிய மாற்றம் அந்தக் கட்டிடத்துக்குப் பின்னால் படுத்துக் கிடக்கிறது. அதுதான் ஓடுதளம்.

1992-இல் இந்த நிலையம் தொடங்கியபோது ஓடுதளத்தின் நீளம் 1,351 மீட்டர். எழுபது, எண்பது பேர் ஏறும் விசிறி விமானத்துக்கு அது போதும். 180 பேரை ஏற்றும் ஏர்பஸ் வகை ஜெட் விமானத்துக்குப் போதாது. வருடக்கணக்கில் சின்ன விமானம் மட்டுமே வந்துபோனதற்குக் காரணம் இதுதான். இருக்கை குறைவு, அதனால் டிக்கெட் விலையும் எளிதில் இறங்காது.

(திரையில்: வெயிலில் அலையடிக்கும் தார்ப்பரப்பு.)

இதில் நம் ஊர் வெயிலுக்கும் பங்கு உண்டு. காற்று சூடானால் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்த காற்றில் இறக்கைக்குத் தூக்குவிசை குறைவாகக் கிடைக்கும், எஞ்சினுக்கும் வலு குறையும். அதனால் விமானம் இன்னும் வேகமெடுத்த பிறகுதான் மேலே கிளம்ப முடியும். அந்த வேகத்தை எட்ட நீளமான பாதை வேண்டும். மார்கழி விடியலில் சுலபமாக எழும் அதே விமானம், சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்குத் திணறும். பாதை போதாவிட்டால் ஆளையோ சரக்கையோ எரிபொருளையோ குறைத்துத்தான் கிளம்ப வேண்டும்.

இப்போது நீளம் 3,115 மீட்டர், அகலம் 45 மீட்டர். பழைய நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

சரி, திசையைப் பார்ப்போம். ஓடுதளத்தின் இரு முனையிலும் 10, 28 என்று எழுதியிருக்கும். திசைகாட்டியில் 100 பாகை, 280 பாகை என்பதன் சுருக்கம் அது. அதாவது ஏறக்குறைய கிழக்கு–மேற்கு. விமானம் எதிர்காற்றில்தான் ஏறி இறங்க விரும்பும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து எப்படி அடிக்கும் என்று கயத்தாறு காற்றாலைப் பக்கம் நின்றவர்களைக் கேளுங்கள். அந்த மாதங்களில் விமானம் பெரும்பாலும் கடல் பக்கமிருந்து மேற்கு நோக்கி இறங்கும். வாடைக்காற்று வந்தால் திசை மாறும்.

"திருநெல்வேலிக்குப் பக்கத்திலேயே புதுசா ஒன்று கட்டியிருக்கலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. மூன்று கிலோமீட்டருக்கு நேர்கோட்டில் சமதரை வேண்டும். இரு முனைக்கும் அப்பால் உயரமான எதுவும் இருக்கக் கூடாது. நம் மாவட்டத்தில் அப்படி ஒரு இடம் பார்த்தால் நடுவில் குளமோ வயலோ ஊரோ வந்துவிடும். வாகைக்குளம் வானம் பார்த்த பூமி. மாநில அரசு சுமார் 600 ஏக்கர் எடுத்துக் கொடுத்ததால்தான் அங்கேயே நீட்ட முடிந்தது. நிலம் கொடுத்த குடும்பங்களை மறந்துவிட்டு இந்த நிலையத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

முனையத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 17,340 சதுர மீட்டர், ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகள், நெரிசல் நேரத்தில் மணிக்கு 1,350 பேர். தேவைப்பட்டால் பிறகு பெரிதாக்கலாம். கட்டிடத்தை எப்போது வேண்டுமானாலும் நீட்டலாம். ஓடுதளத்தை அப்படி நீட்ட முடியாது, சுற்றிலும் வீடு வந்துவிட்டால் அவ்வளவுதான்.

அதனால்தான் பக்கத்தில் மனை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. விமான நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர் வரை கட்டிட உயரத்துக்கு விதி உண்டு. நிறம் பிரித்த வரைபடத்தை விமான நிலைய ஆணையம் வெளியிடுகிறது. மாடி எழுப்பும் முன்பும், செல்போன் கோபுரத்துக்கு இடம் விடும் முன்பும் அதைப் பாருங்கள். தடையில்லாச் சான்று தேவைப்படலாம்.

(திரையில்: 2023 டிசம்பர் வெள்ளம்.)

மழைநீரையும் மறக்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சாலையும் ரயிலும் துண்டித்துப் போயின, விமானங்களும் ரத்தாயின. மூன்று கிலோமீட்டருக்குத் தார் போட்ட இடத்தில் மழை மண்ணுக்குள் இறங்காது, பக்கத்துக் குளங்களைத் தேடித்தான் ஓடும். அந்த வடிகாலும் குளத்து வரத்துக்கால்களும் ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்பும் தூர்வாரப்பட வேண்டும்.

அப்புறம், வளைகுடா. மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் என்று நம் பிள்ளைகள் எத்தனை பேர் துபாயிலும் சவூதியிலும் இருக்கிறார்கள்! அவர்களை வழியனுப்பக் குடும்பமே வேன் பிடித்து, திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ ராத்திரியோடு ராத்திரியாகப் போகிறது. இந்த நீளத்தில் வளைகுடா வரை போகும் விமானம் இங்கிருந்தே எழலாம். ஆனால் அதற்குச் சுங்கச் சோதனையும் குடியுரிமைச் சோதனையும் இங்கேயே இருக்க வேண்டும், மத்திய அரசு அதை அறிவிக்க வேண்டும். சரக்குக்கும் அப்படித்தான். குளிர்பதன வசதி இருந்தால்தான் தூத்துக்குடி மீனும் சங்கரன்கோவில் மல்லியும் இங்கிருந்து கெடாமல் போகும். மக்கள் பிரதிநிதிகளைப் பார்க்கப் போகும் வணிகர் சங்கங்கள் இந்த இரண்டையும் மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். நெல்லை ஜங்ஷனிலிருந்து விமான நேரத்துக்குத் தக்க பேருந்து வேண்டும் என்பதை அடுத்த வரியில் சேருங்கள்.