டூ ஹில்லாக் தோட்டக்காரர்

வணக்கம் நேயர்களே. நர்சரில குண்டுமல்லின்னு கேட்டு வாங்கிட்டு வந்து ஒரு வருஷம் பாத்து பாத்து தண்ணி ஊத்தினா கடைசில காக்கட்டான் பூத்து நிக்கும், உங்க வீட்டுலயும் நடந்திருக்கும், எங்க மாடில ஒண்ணு இப்பவும் நிக்குது. வித்தவர் ஏமாத்தல, மழைல பை இடம் மாறியிருக்கும், செருகி வச்ச சீட்டு கரைஞ்சிருக்கும். இந்த சீட்டு மாறுற கதைய மட்டும் மனசுல வச்சுக்கோங்க. இன்னைக்கு நான் பேசப்போற மனுஷனோட பேருக்கு ரொம்ப காலம் களங்கம் இருந்ததே இதாலதான்.

அவர் பேரு ஜார்ஜ் டான். ஸ்காட்லாந்துல, ஆங்கஸ் பக்கம், 1764ல பொறந்தவர். 1797ல ஃபோர்ஃபர்ங்கிற சின்ன ஊர்ல டூ ஹில்லாக்னு ஒரு இடத்த எடுத்து நர்சரி போட்டாரு. 'டூ'ன்னா அந்த ஊர் பேச்சுல புறா, ஹில்லாக்னா மேடு, நம்ம ஊரா இருந்தா புறாமேடுன்னு சொல்லுவோம். விக்கிறதுக்கு செடி வளர்க்கணும், அதான் பொழப்பு. ஆனா மனசு பூரா வடக்க இருக்குற கிளோவா மலைலதான். கடைய விட்டுட்டு மலைக்குப் போயிடுவாரு, பனியும் பாறையுமா இருக்குற இடத்துல ஏறி, யாரும் பாக்காத செடிய வேரோட கொண்டாந்து நர்சரில நட்டு வைப்பாரு. மலைச்செடியும் வெளிநாட்டுச் செடியும் ஒரே தோட்டத்துல. கவனிச்சீங்களா, சிக்கல் இங்கதான் ஆரம்பிக்குது.

நடுவுல 1802லேருந்து 1806 வரைக்கும் எடின்பரோ தாவரவியல் பூங்காவுல தலைமைத் தோட்டக்காரரா இருந்தாரு. அங்க மேல இருந்தவர் டேனியல் ரூதர்ஃபோர்டு, ஸ்கூல் பாடத்துல படிச்சிருப்போம், நைட்ரஜனைக் கண்டுபிடிச்ச அதே ரூதர்ஃபோர்டுதான். அந்த சமயத்துலதான் டான் காய வச்ச செடிகளையே புத்தகம் மாதிரி தொகுதி தொகுதியா வெளியிட ஆரம்பிச்சாரு, தொகுதிக்கு 25 செடி, 1804ல தொடங்கி மொத்தம் ஒன்பது தொகுதி. படம் கிடையாது, நிஜச் செடி! இது எவ்வளவு வேலைன்னு செடி காய வச்சவங்களுக்குத் தெரியும். பழைய பேப்பருக்கு நடுவுல இலையை மடங்காம விரிச்சு, மேல கல்லை வச்சு, தெனமும் பேப்பர் மாத்தணும், ஒரு நாள் மறந்தாலும் பூஞ்சை பிடிச்சு கறுத்துப்போகும். நான் காலேஜ்ல அம்பது செடி சேர்க்கவே நாக்கு தள்ளிடுச்சு. இவர் ஒவ்வொரு தொகுதிக்கும் எத்தனை பிரதியோ அத்தனை தடவை அதே செடிய காய வச்சிருக்கணும்ல.

சரி, சீட்டுக்கு வரேன். டான் கிளோவா மலைல பாத்தேன்னு சொன்ன செடில ஒண்ணு ஹோமோகைன் அல்பைனா. இலை நம்ம வல்லாரை மாதிரி வட்டமா இருக்கும், பளபளப்பு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி, நடுவுல ஒத்தைத் தண்டு, அதோட உச்சில ஊதாவா ஒரே ஒரு பூ. ஆல்ப்ஸ் பக்கத்துச் செடி. அது எப்படி ஸ்காட்லாந்துல வரும்னு பின்னாடி வந்த பெரிய பெரிய ஆளுங்கல்லாம் கேட்டாங்க. தேடிப் போனவங்களுக்கும் கிடைக்கல. அப்ப என்ன முடிவுக்கு வருவாங்க? ஆளு நர்சரிக்காரன், தோட்டத்துல வெளிநாட்டுச் செடியும் இருந்துச்சு, சீட்டு மாறியிருக்கும். சிலர் அதுக்கும் மேல போயி பொய்யின்னே நினைச்சாங்க. இவர் சொன்ன இன்னும் பல செடிக்கும் இதே கதிதான், நம்ப முடியாத பட்டியல்னு ஓரங்கட்டிட்டாங்க.

1951ல அதே கிளோவா பக்கம் மலைல ஒருத்தர் அந்த வட்ட இலையைப் பாத்துட்டாரு! டான் செத்து 137 வருஷம் கழிச்சு. எனக்கு இதைப் படிக்கிறப்பல்லாம் தொண்டை அடைக்கும். அது டானே நட்டு வச்சதா இருக்கும்னு இப்பவும் சொல்றவங்க உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனா அவர் 1795ல கில்ரானக் மலைல கண்டுபிடிச்ச லிக்னிஸ் அல்பைனாங்கிற செடி அதே இடத்துல இன்னைக்கும் ரோஸ் கலர்ல பூக்குது, 1812ல கிளோவால கண்ட மஞ்சப் பூ பூக்குற ஆக்ஸிட்ராபிஸ் செடியும் அப்படியே இருக்குது. அவர் சொன்ன எல்லாமே சரின்னு நான் வாதாட வரல, சில இடத்துல சீட்டு மாறித்தான் இருக்கும். தோட்டத்துல கைய வச்சு வேலை செய்யிறவன் சொன்னா சந்தேகம், மேஜைல உக்காந்து எழுதுறவர் சொன்னா சத்தியம், அந்தப் பழக்கம்தான் என்னை உறுத்துது. திரும்பவும் சொல்றேன், மலை ஏறிப் பாத்தவர் டான்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுறாங்க, ஒரு நிமிஷம்தான் இருக்கு போல. எடின்பரோ வேலைய விட்டுட்டு டான் ஃபோர்ஃபருக்குத் திரும்பி வந்தாரு, நர்சரி சோறு போடல, 1814 ஜனவரில தொண்டையில சீழ் வச்சு வறுமையில இறந்துட்டாரு, 49 வயசு. பிள்ளைங்களப் பத்திதான் நிறைய சொல்ல வச்சிருந்தேன். ஒரு பையன் ஜார்ஜ், அப்பா பேரே, சியரா லியோனுக்கும் பிரேசிலுக்கும் செடி சேர்க்கப் போனவர். இன்னொருத்தர் டேவிட், லண்டன் கிங்ஸ் காலேஜ்ல தாவரவியல் பேராசிரியர், 1825ல நேபாளத்துச் செடிகளுக்கு ஒரு நூலே எழுதினாரு, இமயமலைச் செடிகள் நிறையவோட லத்தீன் பேருக்குப் பின்னாடி, பேர் வச்சவர் யாருன்னு காட்ட 'டி. டான்'னு இருக்கும், அது அந்த நர்சரிக்காரர் மகன்தான். நேரம் முடிஞ்சிருச்சுங்க, வணக்கம்.