டிஎஸ்எல்ஆரை இறக்கி வைத்தேன்: பருப்புத் தராசில் ஒரு கேமராக் கணக்கு

வணக்கம், எல்லோரும் நல்லா இருக்கிறீர்களா? இன்றைக்கு மலையும் இல்லை, கடலும் இல்லை. சேன்-ஆந்த்ரே வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் சடசடவென்று கேட்பது தகரக் கூரை மேல் விழுகிற மழை. இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயுனியோன் தீவின் கிழக்குக் கரையில் இருந்துகொண்டு மழை நிற்கட்டும், அப்புறம் பேசலாம் என்றால் இந்த மாதம் வீடியோவே வராது.

மேசை மேல் இருப்பது சமையலறைத் தராசு. இந்தத் தீவின் சிலாவோஸ் என்ற மலை ஊரில் விளைகிற பருப்பு வாங்கி வந்தால் அம்மா இதில்தான் நிறுத்துப் பார்ப்பார். அந்தப் பருப்பு விற்கிற விலைக்கு நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். என் பழைய கேமராவையும் புதியதையும் நிறுத்துக் காட்ட இன்றைக்கு ஒரு மணி நேரம் கடன் வாங்கியிருக்கிறேன்.

முதலில் பழைய ஆள். கேனன் 5டி மார்க் 3, டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த கேமரா. வாரை அவிழ்த்துவிட்டு வைக்கிறேன், இல்லாவிட்டால் கணக்கு ஏமாற்றும். பேட்டரி, கார்டு எல்லாம் உள்ளே இருக்கிறது. 950 கிராம். அடுத்து 24-70 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ், 805. எஃப் எண் சின்னதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும். அடுத்து இந்த வெள்ளைக் குழல், 70-200 எஃப் 2.8. முக்காலியில் மாட்டுகிற வளையம் இல்லாமலேயே 1,490. கூட்டுங்கள்: 3 கிலோ 245 கிராம். பை, தண்ணீர், மழைக்கோட்டு எதுவும் இதில் சேரவில்லை.

இதைத் தூக்கிக்கொண்டு போன வருடம் மே மாதம் மஃபாத்துக்கு இறங்கினேன். தெரியாதவர்களுக்கு: மஃபாத் என்பது மலைகள் சுற்றி நிற்கிற ஒரு பெரிய பள்ளம். உள்ளே ஊர்கள் உண்டு, மக்கள் உண்டு, சாலை மட்டும் கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லை ஹெலிகாப்டர். கோல் தே பேஃப் கணவாயிலிருந்து லா நூவேல் ஊருக்கு இறங்குவது ஏறக்குறைய 500 மீட்டர் உயரம், இரண்டு மணி நேர நடை. இறங்கும்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது. மறுநாள் அதே 500 மீட்டரை ஏற வேண்டும், அப்போது தெரியும்.

நடுவழியில் தமாரின் சமவெளி என்று ஓர் இடம் வரும். பெயரைக் கேட்டதும் நான் புளியமரத்தைத் தேடினேன். புதுச்சேரிக்காரப் புத்தி வேறு எதைத் தேடும்? புளியும் இல்லை, ஒன்றும் இல்லை. அது இந்தத் தீவுக்கே உரிய ஒருவகை அக்கேசியா. கோணல்மாணலாகப் படுத்தும் எழுந்தும் வளர்ந்திருக்கும், கிளையெல்லாம் தாடி மாதிரிப் பாசி தொங்கும். நான் ஏறி வருகிற நேரம் பார்த்து மூடுபனி அந்த மரங்களுக்கு நடுவே நுழைந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பையை இறக்கவில்லை. இறக்கினால் மறுபடி தோளில் ஏற்ற வேண்டுமே என்று முழங்கால் சொன்னது. ஃபோனில் ஒன்று எடுத்துவிட்டு நடந்தேன். மூன்று கிலோ கேமரா முதுகில் இருக்க, ஃபோனில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு யோசித்தபோதுதான் வெட்கமாக இருந்தது.

சரி, உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்தேன். அங்கேதான் ஒரு பெரிய தப்பைச் செய்ய இருந்தேன்.

எல்லோரும் செய்வதுபோல அதே கம்பெனியின் ஃபுல் ஃபிரேம், அதாவது பழையதைப் போலவே பெரிய சென்சார் உள்ள மிரர்லெஸ்ஸைப் பார்த்தேன். கேனன் ஆர்6 பாடி, பேட்டரியோடு 680 கிராம். ஆஹா, 270 கிராம் மிச்சம். அதற்கு ஆர்எஃப் 24-70 எஃப் 2.8 எவ்வளவு? 900 கிராம். என் பழைய லென்ஸே 805தான்! புதியதில் கை நடுக்கத்தைத் தாங்குகிற அமைப்பு இருக்கிறது, பழையதில் இல்லை, நியாயம்தான். ஆனால் நான் எடை குறைக்கத்தானே கிளம்பினேன்? 70-200 மட்டும் நல்லா இளைத்திருக்கிறது, 1,070. எல்லாம் சேர்த்தால் 2 கிலோ 650. அவ்வளவு பணம் கொடுத்து அறுநூறு கிராமா இறக்குவது? ஒரு தண்ணீர் பாட்டிலைக் காரிலேயே விட்டுவிட்டுப் போனால் அதே மிச்சம்.

ஏன் இப்படி என்று நோட்டும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற கை சும்மா இருக்குமா? டிஎஸ்எல்ஆருக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி நிற்கிறது. லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சத்தை மேலே திருப்பி, பட்டகம் வழியாக உங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது. படம் எடுக்கும்போது அது மேலே மடங்க வேண்டும், மடங்க இடம் வேண்டும். அதனால் கேனனின் பழைய பாடியில் லென்ஸ் மாட்டுகிற வளையத்துக்கும் படம் பதிகிற சென்சாருக்கும் நடுவில் 44 மில்லிமீட்டர். கண்ணாடியைத் தூக்கிவிட்டால் அந்த இடம் தேவையில்லை. இப்போது நான் வைத்திருக்கிற ஃபுஜிஃபில்ம் பாடியில் 17.7 மில்லிமீட்டர்தான். பாடி ஒல்லியானது அதனால்தான்.

ஆனால் லென்ஸுக்கு இதில் என்ன லாபம்? 200 மி.மீ. லென்ஸில் எஃப் 2.8 வேண்டும் என்றால் 200ஐ 2.8ஆல் வகுங்கள். 71. அதாவது வெளிச்சம் நுழைய 71 மில்லிமீட்டர் வாசல் வேண்டும், லென்ஸின் முன்பக்கக் கண்ணாடி அதைவிடச் சின்னதாக இருக்கவே முடியாது. பின்னால் மிரர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, வாசல் வாசல்தான். அதையே எஃப் 4.8 போதும் என்று இறங்கி வந்தால் வாசல் 42 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. லென்ஸ் கண்ணாடியும் சின்னது, குழலும் சின்னது. ஆக, நான் விட வேண்டியது மிரரை அல்ல, எஃப் 2.8ஐ. இதை எனக்கு எந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை.

ஆ, ஒரு நிமிடம், கேமரா நின்றுவிடப் போகிறது.

வந்துவிட்டேன். நீங்கள் பார்க்கிற இந்த வீடியோவையும் அந்தப் புது ஆள்தான் எடுக்கிறது. ஃபுஜிஃபில்ம் எக்ஸ்-டி30. இதில் 4கே பதிவு பத்து நிமிடத்தோடு தானாக நின்றுவிடும். என்னைப் போல வாய் ஓயாதவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2019இல் வந்த மாடல், நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட். பிரான்சில் ஒருவரிடமிருந்து வந்தது. தீவுக்கு லித்தியம் பேட்டரி அனுப்ப மாட்டோம் என்று ஒரு கடை கையை விரித்துவிட்டது. கூடுதல் பேட்டரி இரண்டை என் சித்தி மகன் பாரிஸிலிருந்து பதினொரு மணி நேரம் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

பாடி படம் எடுத்துக்கொண்டிருப்பதால் தராசில் வைக்க முடியாது, காலையிலேயே நிறுத்துவிட்டேன்: 383. 18-55 லென்ஸ் 310. 55-200, எஃப் 3.5 முதல் 4.8 வரை போகிறது, 580. அப்புறம் இந்தக் குட்டி 23 மி.மீ. எஃப் 2, 180. லென்ஸ் ஒன்று கூடியும் மொத்தம் 1 கிலோ 453.

சும்மா கிடைத்ததா? இல்லை. 4.8இல் உள்ளே வருவது 2.8இல் வருகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சென்சாரின் பரப்பும் பாதிக்கும் குறைவு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் 55-200ஐ நான் பையிலிருந்து எடுப்பதே இல்லை. கல்யாணம், மேடை நிகழ்ச்சி என்று இருட்டில் தூரத்திலிருந்து எடுத்துக் காசு சம்பாதிக்கிறவர்கள் தயவுசெய்து என் பேச்சைக் கேட்காதீர்கள்.

எனக்கு இந்தக் கேமரா உண்மையில் கை கொடுத்தது மலையில் இல்லை, தீமிதியில்.

இங்கே மல்பார் என்று சொல்லப்படுகிற நம் பழைய குடும்பங்கள், வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரேயோல் மொழி என்றாலும், பாண்டியாலே அம்மனுக்குத் தீமிதிப்பதை விடவில்லை. பாண்டியாலே என்றால் நம் திரௌபதி அம்மன்தான். பதினெட்டு நாள் விரதம். முன்பெல்லாம் அந்த வெள்ளை 70-200ஐத் தூக்கிக்கொண்டு போவேன். பார்த்த உடனே ஆட்கள் வேட்டியைச் சரி செய்வார்கள், பிள்ளைகள் குறுக்கே வந்து விரலைக் காட்டுவார்கள். ஒரு அம்மா, “டிவியில் எப்போது வரும்?” என்று கேட்டே விட்டார். இந்த முறை 23 மி.மீ.யோடு போனேன். பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, குழிக்குப் பக்கத்தில் பால் ஊற்றி வைக்கிற இடத்தை ஒட்டி நின்றேன். ஒருவர் திரும்பிப் பார்க்கவில்லை. நெருப்பைத் தாண்டி வந்த ஒரு பையன், பாலில் கால் வைத்ததும் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்தான். இதோ, இந்தப் படம். கணுக்காலில் சாம்பலும் மஞ்சளும் சேர்ந்து ஒட்டியிருப்பதைப் பாருங்கள். பழைய கேமராவோடு இந்த இடத்தில் நின்றிருந்தால் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார், படம் போயிருக்கும்.

ஆனால் முதல் இருபது படம் குப்பை. சத்தமே வராமல் எடுக்கலாம் என்று எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டிருந்தேன். கோயில் முழுக்க எல்இடி சரம். படமெல்லாம் கறுப்புப் பட்டை பட்டையாக, வேட்டிக் கரை மாதிரி. ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கிறது, அந்த நேரத்துக்குள் எல்இடி அணைந்து அணைந்து எரிகிறது. மேளக்காரர் கையில் இருந்த குச்சியோ வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினேன். ‘ட்சிக்’ என்று மெதுவாக ஒரு சத்தம். மேளம் அடிக்கிற இடத்தில் அதை யார் கேட்கப் போகிறார்கள்?

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டிருந்தீர்கள். கம்பெனிக் கணக்குப்படி பழையதில் ஒரு சார்ஜுக்கு 950 படம், இதில் 380. கண்ணை வைத்துப் பார்க்கிற இடமே சின்னத் திரையாக இருப்பதால், பார்த்தாலே செலவு. லா நூவேலில் தங்குகிற விடுதிகளில் சோலார்தான், ராத்திரி ஆளாளுக்கு ஒயரை நீட்டுவார்கள். யுஎஸ்பியிலேயே சார்ஜ் ஏறுவதால் பவர் பேங்க்கில் மாட்டிவிட்டுத் தூங்கிவிடுகிறேன். அந்தச் சின்னத் திரையில் ஒரு நன்மை உண்டு: படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பது எடுக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. மூடுபனியில் சாம்பல் பூசிய படமாக எடுத்துத் தள்ளுவது நின்றுவிட்டது.

எரிச்சல்களையும் சொல்லிவிடுகிறேன். பிடி சின்னது, என் சுண்டு விரல் அந்தரத்தில் தொங்குகிறது. கட்டை விரல் வைக்கிற இடத்தில் ஒரு க்யூ பொத்தானை வைத்திருக்கிறார்கள், யார் யோசனையோ, தொட்டால் மெனு திறந்துகொள்கிறது. எரிமலைக்குப் போகிற வழியில் சாப்லே சமவெளியில் லென்ஸ் மாற்றினால் முன்னால் மிரர் இல்லாததால் தூசி நேரே சென்சாரில் உட்காரும். லென்ஸைக் காரிலேயே மாட்டிக்கொண்டு இறங்குங்கள்.

அப்புறம் ஈரம். பழையதில் தண்ணீர் புகாமல் ரப்பர் அடைப்பு இருந்தது, இதில் இல்லை. 1966 ஜனவரியில் எரிமலைப் பக்கம் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது, உலக சாதனை. சென்னையில் ஒரு வருடத்துக்குப் பெய்வதைவிட அதிகம். அப்படிப்பட்ட தீவில் இருந்துகொண்டு மழை தாங்காத கேமராவை வாங்கியிருக்கிறேன், புரிகிறதா? பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் குளியல் தொப்பி இருக்கும், தூறல் விழுந்ததும் கேமராவுக்குத் தலையில் போடுவேன். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன், இல்லாவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை வந்துவிடும்.

பழையதை விற்றுவிட்டாயா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பாடியும் 24-70உம் அடுத்த மாதம் புதுச்சேரிக்குப் போகின்றன, அண்ணன் மகள் கேட்டிருக்கிறாள். அவள் வயதுக்கு 1,755 கிராம் ஒன்றும் பெரிதில்லை. வெள்ளைக் குழலை மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

அம்மா இரண்டாவது முறையாக எட்டிப் பார்க்கிறார். அடுப்பில் உலை கொதிக்கிறது, தராசைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.