விடுதல், விட்டுக்கொடுத்தல், விடுதலைப் பத்திரம்

நேயர்களுக்கு வணக்கம். சொற்களைப் பற்றிய பேச்சு என்றதும் தமிழாசிரியர் யாராவது வருவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் பத்திரம் எழுதுகிறவன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து, ஊராருடைய கொடுக்கல் வாங்கலை எழுத்தில் கொண்டுவருவது என் தொழில். 'விடுதல்' என்ற சொல்லையும் அதன் சொந்தபந்தங்களையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். தினமும் புழங்குகிற சரக்குதானே என்று ஒப்புக்கொண்டேன்.

விடுதல், துறத்தல், நீத்தல், ஒழித்தல், உதறுதல், கைவிடுதல், விட்டுக்கொடுத்தல் என்று தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை. அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கு இன்னொன்று பொருளாக நிற்கும். பேச்சில் அப்படி மாற்றிப்போட முடியாது. சிகரெட்டைத் துறந்தேன் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். உயிர்நீத்தார் என்கிறோம், வேலையை நீத்தார் என்று யாரும் சொல்வதில்லை.

கையை வைத்தே எத்தனை இருக்கிறது பாருங்கள். நம்பியிருப்பவரை விட்டால் அது கைவிடுதல். கெட்ட காலத்தில் கைவிட்டவனுடைய நட்பைச் சாகும் நேரத்தில் நினைத்தாலும் நெஞ்சு சுடும் என்கிறார் வள்ளுவர். டாக்டர் கைவிரித்துவிட்டார் என்றால் அவர்மேல் குற்றமில்லை, செய்வதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. கைகழுவிவிட்டார் என்றால் செய்ய முடிந்தவர்தான், வேண்டுமென்றே ஒதுங்கிக்கொண்டார். கைநழுவிப் போனது என்னும்போது விட்டவர் என்று ஆளே கிடையாது. மழை வந்தால் கிரிக்கெட் ஆட்டமும் 'கைவிடப்பட்டது' என்று செய்தியில் வருகிறது. அங்கே யார் மனமும் சுடுவதில்லை. செய்திக்காரர்கள் கையில் அந்தச் சொல்லின் சூடு ஆறிவிட்டது.

தலைமுழுகுதல் துக்க வீட்டுக் குளியலிலிருந்து வந்தது. உயிரோடு இருக்கிற ஒருவரைப் பார்த்து 'உன்னைத் தலைமுழுகிட்டேன்' என்று சொல்வதில் எவ்வளவு கொடுமை இருக்கிறது என்று சொல்கிறவர்கள் அந்தக் கோபத்தில் யோசிப்பதில்லை. தாரைவார்த்தலின் கதை வேறு. தண்ணீர் ஊற்றித் தானம் செய்கிற மங்கலமான சடங்கு அது. கல்யாண மேடையில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. அரசியல் மேடைக்குப் போனதும் வசையாகிவிட்டது. 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கைக்குப் போனதைக் கண்டிக்கிறவர்களைக் கேளுங்கள், 'தாரைவார்த்துவிட்டார்கள்' என்றுதான் சொல்வார்கள்.

என்னுடைய பிரியமான சொல் 'தீர்'. 'தீர்தலும் தீர்த்தலும் விடற்பொருட்டாகும்' என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். இப்போது நாம் அரிசி தீர்ந்தது, கடன் தீர்ந்தது என்று முடிந்துபோவதற்குத்தான் இதை அதிகம் வைத்துக்கொள்கிறோம். நோய் தீர்ந்தது என்பதில் மட்டும் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நோய் ஆளை விட்டுவிட்டது. 'வினைக்குறை தீர்ந்தாரின் தீர்ந்தன்று உலகு' என்ற குறளுக்கும் இதே பொருள்தான். தொடங்கிய வேலையை அரைகுறையாய் விட்டவர்களை உலகமும் விட்டுவிடும். பாதியில் வேலையை நிறுத்திப் போகிற கொத்தனாரைப் பற்றி எழுதியது போலவே எனக்கு எப்போதும் தோன்றும். சரி, அது என் வீட்டு விவகாரம்.

பதவியை விடுவதற்கு ராஜினாமா என்று பாரசீகத்திலிருந்து வாங்கியிருக்கிறோம். ராஜி என்றால் சம்மதம், நாமா என்றால் எழுத்து. வழக்கில் ராஜியாகிவிட்டார்கள் என்கிறோமே, அதே ராஜி. நெருக்கிப் பிடித்து வாங்கினாலும் அதற்குப் பெயர் சம்மதக் கடிதம்தான்.

காசி, கயை போகிறவர்கள் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை என்று விட்டுவிட்டு வருவார்கள். மனசுக்குப் பிடித்ததை விட வேண்டும் என்பது ஏற்பாடு. பாகற்காயை விட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்புகிறவர்களும் உண்டு. இப்படி விட்ட காய் யாருக்கும் போய்ச் சேர்வதில்லை. விட்டுக்கொடுத்தல் அப்படியில்லை. சொல்லுக்குள்ளேயே கொடுத்தல் இருக்கிறது, ஆகவே எதிரே வாங்குகிறவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். பலருக்குக் கூட்டாக இருக்கிற சொத்தில் ஒருவர் தன் பாகத்தை, அதே சொத்தில் பங்குள்ள இன்னொருவருக்கு விட்டுத்தந்தால் அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். பங்கே இல்லாத வெளியாளுக்கு இதை எழுத முடியாது, அது கிரயமாகவோ தானமாகவோ போக வேண்டும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை விட்டு எழுதும் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும். 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று வாயால் சொன்னது போதாது.

எழுதிக் கொடுக்க வருகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இல் வந்தது. அப்பா தானே சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகனைப் போலவே மகளுக்கும் சம பங்கு உண்டு என்றது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்புரிமை என்று தமிழ்நாடு 1989-இல் திருத்தம் செய்தது. அதில் ஏற்கெனவே கல்யாணமானவர்களுக்கு இடமில்லை. 2005-இல் நாடு முழுவதற்கும் திருத்தம் வந்தபோது அந்த வேறுபாடும் போயிற்று. இவ்வளவும் வந்த பிறகு என்ன நடக்கிறது? 'நல்லது கெட்டதுக்கு அண்ணன்தானே வந்து நிக்கணும், சீர் செஞ்சாச்சே, விட்டுக்கொடுத்துடும்மா' என்கிறார்கள். அண்ணனைப் பார்த்து விட்டுக்கொடு என்று சொன்ன குடும்பத்தை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. புகுந்த வீட்டில் யார் என்ன சொன்னாலும் பிறந்த வீட்டை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறவள் அதே பெண்தான். அங்கே காப்பாற்றுகிற வீட்டில்தான் இங்கே தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறாள்.

மனமார எழுதிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்த தம்பிக்கு 'அவனே வெச்சுக்கட்டும்' என்று சந்தோஷமாக வந்து ரேகை வைத்துப் போன அக்காமார்களை எனக்குத் தெரியும். இரண்டு வகைக்கும் பத்திரத்தில் வாசகம் ஒன்றுதான்: 'யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, முழு மனதுடன்'. அந்த அம்மா ஆட்டோவிலிருந்து இறங்குவதற்கு முன்பே இந்த வரி எங்கள் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். அப்புறம், 'இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை' என்று ஒரு வரி வரும். முழுப் பத்திரத்திலும் கனமான வரி அதுதான். நான் அதைப் படித்துக்காட்டும்போது சிலர் தலையாட்டுவார்கள், சிலர் 'என் பிள்ளைக்குமா?' என்று கேட்பார்கள். கேட்டால் நான் நிறுத்திவிடுவேன். வாங்குகிறவர்கள் முறைப்பார்கள், பரவாயில்லை.

பணம் வாங்கிக்கொண்டு விடுவதானால் உண்மையில் கைக்கு வந்த தொகையைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். பதிவானதை மனசு மாறினால் ஒருவராகப் போய் ரத்து செய்துவிட முடியாது. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்றால் சிவில் நீதிமன்றத்துக்குப் போய் நிரூபிக்க வேண்டியிருக்கும். ஆகவே கையெழுத்துக்கு முன்னால், என்னைப் போல் பத்திரம் எழுதினவரையே முழுவதையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவசரப்படுத்தினால் இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்து வந்துவிடலாம். வணக்கம்.