கர்ணன் கொடுத்தது காய்ந்த விறகு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் எதிரணிக்கும் வணக்கம்.

ஊர் கூடி உதவி திரட்டும்போது பெரிதும் வேண்டியது பரந்த மனமா, சரியான கணக்கா? இதுதான் தலைப்பு. நாங்கள் கணக்கு அணி. எதிரணித் தலைவர் ஐயா சற்று முன் ஒரு போடு போட்டார். "கர்ணன் கணக்குப் பார்த்தா கொடுத்தான்? தராசும் நோட்டுமா உட்கார்ந்திருக்காங்களே, இது தருமம் பண்ற அணியா, மளிகைக் கடையா?" நீங்களும் கை தட்டினீர்கள். ஐயா, கர்ணனை மேடைக்கு அழைத்து வந்தது நீங்கள். நான் அவனை இப்போதைக்கு அனுப்புவதாக இல்லை.

பாட்டிமார் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. அடைமழைக் காலம். வானம் விட்டபாடில்லை. ஓர் அந்தணர் தருமர் அரண்மனைக்கு வந்து, "யாகம் நின்றுபோகிறது, காய்ந்த சந்தனக் கட்டை வேண்டும்" என்கிறார். தருமர் மனம் சின்ன மனமா? பெயரே தருமர். காட்டுக்கு ஆள் அனுப்புகிறார். போனவர்கள் நனைந்து திரும்புகிறார்கள், கட்டையும் நனைந்திருக்கிறது. "இந்த மழையில் காய்ந்த மரத்துக்கு எங்கே போவேன்?" என்று கை விரிக்கிறார். அந்தணர் கர்ணன் வாசலுக்குப் போகிறார். அதே மழை, அதே கேள்வி. கர்ணன் காட்டைப் பார்க்கவில்லை. தன் வீட்டைப் பார்த்தான். கதவு சந்தனம், கட்டில் சந்தனம், இரண்டும் காய்ந்த மரம். எடுத்தான் கோடரியை!

இப்போது மறுபடி சொல்கிறேன், மெதுவாக. வந்தவர் கேட்டது வெறும் கட்டை அல்ல, காய்ந்த கட்டை. கர்ணன் அந்த 'காய்ந்த' என்ற சொல்லைக் காதில் வாங்கினான். அது தேவைக் கணக்கு. எங்கே இருக்கிறது என்று சுற்றும் முற்றும் பார்த்தான். அது இருப்புக் கணக்கு. மழை விடட்டும் என்று சொல்லாமல் அந்த நொடியே வெட்டினான். அது நேரக் கணக்கு. மனம் மட்டும் போதுமென்றால் தருமரிடமே வேலை முடிந்திருக்கும். ஐயா, ஒரு வண்டி நிறைய ஈர விறகு கொடுத்திருந்தால் கர்ணனை இன்றைக்கு யார் நினைப்பார்கள்?

நாம் ஈர விறகு அனுப்பியிருக்கிறோம். 2004 டிசம்பர் 26, சுனாமி. நாகப்பட்டினத்துக்குத் திசையெல்லாம் இருந்து துணி வந்து இறங்கியது. பழைய துணி. சாலையோரம் மலைமலையாகக் கிடந்தது. வீட்டையும் பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்த சனம் அடுத்தவர் கழித்த துணியை உடுத்த மறுத்தது. ஒரே ஒரு கிழிந்த சட்டையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பீரோவிலிருந்து எடுக்கிறார், ஒருவர் சாக்கில் திணிக்கிறார், ஒருவர் லாரியில் ஏற்றுகிறார், ஒருவர் ஓட்டுகிறார், ஒருவர் இறக்குகிறார், ஒருவர் பிரிக்கிறார், கடைசியில் ஒருவர் குப்பையாக அள்ளுகிறார். ஏழு பேர் உழைப்பு! அந்த ஏழு பேரும் நல்ல மனம் உள்ளவர்கள்தான். விறகுதான் ஈரம்.

துணி கொடுக்கவே கூடாதா? கொடுங்கள். புது நைட்டி, புது உள்ளாடை, துண்டு, போர்வை. அளவை மூட்டையின் வெளியே பெரிதாக எழுதுங்கள். எழுதாத மூட்டையை இருட்டில் பிரித்துத் தேட அங்கே ஆள் கிடையாது.

வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்பது அருமையான வழக்கம். ஆனால் பத்துத் தெரு அரிசியை ஒரே சாக்கில் கொட்டினால்? பச்சரிசி குழைந்து கஞ்சியாகும்போது புழுங்கலரிசி நடுவில் வெள்ளைப் புள்ளியோடு நறுக்கென்று நிற்கும். ஒரு வீட்டு அரிசியில் இருந்த வண்டு சாக்கு முழுக்கப் பரவும். அதனால்தான் தெருவுக்கு ஒரு பொருள் என்று பிரிக்கச் சொல்கிறோம். மேலத்தெரு புழுங்கலரிசி, கீழத்தெரு பருப்பு, கடைத்தெரு எண்ணெயும் உப்பும். நாலு பேர் கொண்ட வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு அரிசி 10½ கிலோ, துவரம்பருப்பு 1½ கிலோ, எண்ணெய் 1 லிட்டர், உப்பு 1 கிலோ, சர்க்கரை 1 கிலோ, மிளகாய்த்தூள் 200 கிராம், புளி 250 கிராம், டீத்தூள் 250 கிராம். கூட்டிப் பாருங்கள், 16 கிலோவை நெருங்கும். ஒரே பையில் போட்டால் காது அறுந்துவிடும். வயதானவர் தூக்க முடியாது. இரண்டு பையாகப் போடுங்கள். சோப்பும் கொசுவத்தியும் தனிக் கவரில் போகட்டும். இல்லாவிட்டால் சோறு சோப்பு வாசம் அடிக்கும். பசியோடு இருப்பவருக்கும் நாக்கு இருக்கிறது ஐயா! இதெல்லாம் மளிகைக் கடை வேலை என்றால், ஆமாம், மளிகைக் கடை வேலைதான். பெருமையாகச் செய்வோம்.

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியது. தென்னை சாய்ந்தது, கூரை பறந்தது, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பெரிய சாலை ஓரத்து ஊர்களுக்கு வண்டி மேல் வண்டி வந்தது. உள்ளே தள்ளியிருந்த குடியிருப்புகள் காத்தே கிடந்தன. கொண்டுவந்தவர்களுக்கு மனம் இல்லையா? இருந்தது. முன்கூட்டி ஒரு பைக்கில் இரண்டு பேர் உள்ளே போய், வீட்டை எண்ணி, வீட்டுக்கு ஒரு டோக்கன் கொடுத்துவிட்டு வரவில்லை. அவ்வளவுதான் குறை. வண்டியில் ஏற்றுவதற்கும் முறை இருக்கிறது: கடைசி ஊர்ச் சாமான் முதலில் ஏற வேண்டும். மாற்றி ஏற்றினால் முதல் ஊரிலேயே முழு லாரியையும் பிரிக்க நேரும், பிரித்த லாரி அடுத்த ஊருக்கு நகராது. தார்ப்பாய் அனுப்பினால் 12க்கு 18 அடியாவது இருக்கட்டும், கூடவே நைலான் கயிறு 20 மீட்டர். கயிற்றை மறந்துவிடுகிறார்கள். அடுத்த காற்றில் தார்ப்பாய் பக்கத்து வயலில் கிடக்கும்.

"நோட்டு எதுக்கு?" என்றும் எதிரணித் தலைவர் கேட்டார். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடியில் மொய்விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, அடுத்த வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த நோட்டு அன்பைக் குறைத்ததா? தமிழன் உறவையே நோட்டில்தான் எழுதி வைத்திருக்கிறான். நிவாரணத்துக்கும் அடிக்கட்டையோடு ரசீதுப் புத்தகம், பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து, வரவு செலவு டீக்கடைச் சுவரில். ஒருமுறை கணக்குக் காட்டாமல் விட்டால், அடுத்த புயலுக்கு அதே தெருவில் கதவு திறக்காது.

வடலூரில் வள்ளலார் 1867 மே 23-ல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. கருணை மூட்டிய தீ. நாளைக்கு எவ்வளவு விறகு, எத்தனை மூட்டை அரிசி என்று இன்றைக்கே எண்ணிய கைகள் காத்த தீ. அங்கேயும் காய்ந்த விறகுதான் ஐயா!

நடுவர் அவர்களே, முதல் மணி அடித்துவிட்டீர்கள். வாதத்தை இங்கே வைத்துவிடுகிறேன். ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்ல விடுங்கள்.

எல்லா ஊரிலும் தெருக்கோடியில் ஒரு வீடு இருக்கும். லாரி வந்து ஹாரன் அடிக்கும்போது எல்லாரும் ஓடுவார்கள், அந்த வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள். உள்ளே ஒரு அம்மா இருப்பார். தன் கையால் நாலு பேருக்குச் சோறு போட்டவர். இன்றைக்கு வரிசையில் நிற்கக் கால் வராது. அந்தத் தெருவிலேயே ஒரு பெண்பிள்ளை இருக்கும். அதற்கு நாப்கின் வேண்டும். பொருள் கொடுக்க வந்திருப்பவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். எப்படி வாய் திறந்து கேட்கும்? உரக்கக் கேட்பவருக்கு யாரும் கொடுத்துவிடுவார்கள். கேட்காதவருக்கு? அந்தப் பிள்ளை கேட்காமலே கிடைக்க வேண்டும் என்றால், ஊரைவிட்டு வண்டி கிளம்பும் முன்னாலேயே ஒரு பெண் கையில் நோட்டு இருந்திருக்க வேண்டும். அந்த அம்மா கூச்சப்படாமல் வாங்க வேண்டும் என்றால், இருட்டிய பிறகு ஒருத்தர் பையோடு போய், "அத்தை, உங்க பங்கு மிச்சம் இருக்கு, வாங்கிக்குங்க" என்று சொல்ல வேண்டும்.

'உங்க பங்கு' என்ற அந்தச் சொல்லுக்குத்தான் ஐயா நாங்கள் தராசோடும் நோட்டோடும் வந்து உட்கார்ந்திருக்கிறோம். கர்ணனைத் திருப்பித் தருகிறேன், வணக்கம்.