எந்த இசக்கிமுத்து?

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, அன்போடு பொன்னாடை போர்த்திய நூலக அலுவலர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர்களே, மருத்துவர்களே, எனக்கு முன்பே இந்தப் பாளையங்கோட்டை மேடைகளில் முழங்கிய மூத்தோர்களே, வெயிலுக்கு ஒதுங்கிப் பின்வரிசையில் அமர்ந்த அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஒரே பெயர் கொண்டவர்களின் பட்டம், பதிவெண், காப்புரிமை ஆகிய மூன்றைப் பற்றியும் நான் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். நம் சீமையில் இசக்கிமுத்து, சுடலைமுத்து, மாடசாமி, நெல்லையப்பன் என்று தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு வாசலில் தலை தெரியும். மேலத்தெரு இசக்கி, டெய்லர் இசக்கி என்று ஊரே பிரித்துக்கொள்ளும். காகிதத்தில் அந்தப் பிரிப்பு இல்லாதபோதுதான் கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறோம்.

நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆண்டுவிழா. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். சிறப்பு விருந்தினர் ஒரு கால்நடை மருத்துவர். வரவேற்புரை சொன்ன இளைஞர் அவர் பெயரை இணையத்தில் தேடி, கிடைத்ததையெல்லாம் எழுதிக்கொண்டு வந்து, "நீர்மூழ்கிப் பம்பில் காப்புரிமை பெற்ற மாமேதை" என்று முழங்கிவிட்டார். மருத்துவர் நாற்காலியில் நெளிந்தார். பிறகு எழுந்து, "ஐயா, என் பெயரில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஓர் இன்ஜினியர் இருக்கிறார் போலும், இந்த மாலை அவருடையது. எனக்குத் தெரிந்த ஒரே பம்பு பசுவின் மடிதான்" என்றார். அரங்கம் அதிர்ந்தது. அதோடு முடிந்ததா? படியிறங்கும்போது ஒரு பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்: "அதெல்லாம் இருக்கட்டும் சார், நம்ம கிணத்து மோட்டார் தண்ணி ஏத்த மாட்டேங்கு, ஒரு எட்டு வந்து பாருங்க." அவரும் போய், ஃபுட் வால்வில் அடைத்திருந்த பாசியை வழித்துப் போட்டுவிட்டு, மோட்டார் ஓடியதைப் பார்த்துத்தான் திரும்பினாராம்.

பெரிய இடங்களிலும் இது உண்டு. எஸ். சந்திரசேகர் என்றால் 1983இல் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளரை நினைக்கிறோம். திரவம்போல ஓடினாலும் படிகம்போல ஒழுங்கு கொண்ட திரவப் படிகத்தில் வட்டத்தட்டு வடிவ மூலக்கூறுகளைக் கொண்ட புதுவகையை 1977இல் கண்டறிந்து உலகுக்குக் காட்டிய எஸ். சந்திரசேகர் வேறொருவர். ஒருவர் சர் சி.வி. இராமனின் அண்ணன் மகன், மற்றவர் உடன்பிறந்தாள் மகன். தலைப்பெழுத்தும் ஒன்று, மாமேதை உறவும் ஒன்று என்றால் யார்தான் தடுமாற மாட்டார்?

மருத்துவருக்கு மருத்துவக் கவுன்சில் பதிவெண் உண்டு. வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் எண் உண்டு. ஆய்வாளர்களுக்கு 2012 முதல் ஆர்சிட் என்னும் 16 இலக்க எண் கிடைக்கிறது. எண்ணைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். பட்டங்களைப் பற்றித் தலைவர் அவர்கள் முடிவுரையில் விரிவாகச் சொல்வார்கள் என்பதால் நான் காப்புரிமைக்கு வருகிறேன்.

காப்புரிமை பெரும்பாலும் கம்பெனியின் பெயரில் போய்விடும். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுப் பலனும் அதற்கே. கண்டுபிடித்த தொழிலாளிக்கு மிஞ்சுவது ஆவணத்தில் இடம்பெறும் பெயர் ஒன்றுதான். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, தன் பெயரைக் கண்டுபிடிப்பாளர் என்று குறிக்கக் கேட்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. ஆனால் காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பே கேட்டாக வேண்டும். இது தெரியாமல் இழந்த பெயர், அதே பெயருள்ள இன்னொருவர் கணக்கில் ஏறினால், அதுவும் கடைத்தேங்காய்தான்.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, மகிழ்ச்சி. அது ஊரின் பெயரைக் காக்கும். தறியில் புதிதாக ஒரு மாற்றம் செய்த நெசவாளரின் பெயரை யார் காப்பது? அவர் கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும். முதலில் கண்டுபிடிப்பைச் சுருக்கமாக விளக்கும் தற்காலிக விவரக்குறிப்பைக் கொடுத்து, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தர வேண்டும். அதை எழுதித் தர இங்கே ஆள் எங்கே? ஆகையால்தான் மாவட்ட மைய நூலகத்தில் வாரம் ஒருநாளாவது காப்புரிமை உதவி மேசை வேண்டும் என்று நான் போகிற மேடையிலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சலித்துக்கொள்கிறவர்கள் சலித்துக்கொள்ளட்டும்.

மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்திடும் பெருமக்கள் தலைப்பெழுத்தை மட்டும் போடாமல், தகப்பனார் பெயரையும் ஊரையும் முழுதாக எழுதுமாறு வேண்டுகிறேன். பேனா அங்கேயே கட்டிவைத்திருக்கிறது.