ஓடி ஒளிந்த ஆயர்

நேயர்களுக்கு வணக்கம். கத்தோலிக்கத் திருச்சபை செப்டம்பர் 16 அன்று இரண்டு மறைசாட்சிகளை நினைவுகூர்கிறது. ஒருவர் திருத்தந்தை கொர்னேலியு. மற்றவர் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான். இன்றைய துனிசியாவின் தலைநகரை ஒட்டித்தான் அந்த ஊர் இருக்கிறது. தலை வெட்டுண்டு இறந்தவர் என்றே சிப்ரியானைச் சொல்லிப் பழகிவிட்டோம். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் ஊரைவிட்டு ஓடி ஒளிந்தவர் என்பதைப் பலரும் மெல்ல விழுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அவர், வசதிக்குக் குறைவில்லை. ஏறக்குறைய 246இல் திருமுழுக்குப் பெற்றார். ஓரிரு ஆண்டுகளிலேயே ஆயராகிவிட்டார். நேற்று வந்தவருக்கு இந்தப் பதவியா என்று மூத்த குருக்கள் சிலருக்கு வயிற்றெரிச்சல்.

250இல் உரோமைப் பேரரசர் டேசியஸின் ஆணை வந்தது. எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்கு அதிகாரிகளிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் எகிப்தின் மணலில் பாப்பிரஸ் தாளாகவே கிடைத்திருக்கின்றன. 'எப்போதும் பலியிட்டு வந்தேன், இப்போதும் உங்கள் முன்னால் பலியிட்டேன், படைத்ததை உண்டேன், கையொப்பமிடுங்கள்' என்கிற ரீதியில், நம் தாலுகா ஆபீஸ் மனு மாதிரியே இருக்கும். கார்த்தேஜில் கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள்.

ஆயரோ மறைவிடத்தில். உரோமைக் குருக்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர்களுடைய ஆயர் பபியான் அந்த ஜனவரியில்தான் உயிரைக் கொடுத்திருந்தார். ஓநாயைக் கண்டு ஓடும் கூலி மேய்ப்பர் உவமையை எடுத்துக்காட்டி, இவரைக் குத்தியிருந்தார்கள். சிப்ரியான் என்ன செய்தார் தெரியுமா? எழுதியது யார், யாருக்கு என்று தெளிவாக இல்லை, கையெழுத்தும் தாளும்கூடச் சந்தேகமாக இருக்கிறது, உங்களுடையதுதானா என்று பாருங்கள் எனக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். பேச்சுக்கலை வீண்போகவில்லை!

அவர் ஊர் திரும்பியபோது, விழுந்தவர்களை, அதாவது பலியிட்டோ சான்றிதழ் வாங்கியோ தப்பித்தவர்களை, மீண்டும் திருச்சபையில் சேர்ப்பதா என்பதே பெரிய பிரச்சினை. சிறையில் துன்பப்பட்டவர்கள், 'இன்னாரையும் அவர் ஆட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று தாராளமாகச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஆட்கள் என்றால் எத்தனை பேர்? இருபதா, முப்பதா? சிப்ரியான் அதற்கும் ஒப்பவில்லை, ஒருக்காலும் மன்னிப்பில்லை என்றவர்களுக்கும் ஒப்பவில்லை. 251இல் ஆயர்கள் கூடினார்கள். வெறும் சான்றிதழ் வாங்கியவர்களை விசாரித்துச் சேர்க்கலாம். பலியிட்டவர்கள் தவம் செய்யட்டும், சாகும் தறுவாயில் சேர்க்கலாம் என்று முடிவானது. மறுபடியும் துன்புறுத்தல் வரும்போலத் தெரிந்ததும், தவம் செய்துவந்த எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். வரப்போகும் போராட்டத்துக்கு வெறுங்கையோடு அனுப்பலாமா என்பது சிப்ரியானின் கேள்வி. ஓடி ஒளிந்த அனுபவம் அவரை இளக்கியதா என்று அவர் எங்கும் சொல்லவில்லை. எனக்கென்னவோ அப்படித்தான் தோன்றுகிறது.

அடுத்துக் கொள்ளைநோய் வந்தது. கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் உதவுங்கள் என்று தம் மக்களைத் திரட்டினார்.

257 ஆகஸ்ட் 30இல் பேரரசர் வலேரியன் காலத்து ஆளுநர் முன் நிறுத்தப்பட்டார். உங்கள் குருக்கள் யார் யார் என்று கேட்டார் ஆளுநர். காட்டிக்கொடுப்பவர்களை உங்கள் சட்டமே விலக்குகிறதே, அது நல்ல சட்டம்தானே என்றார் இவர். நாடு கடத்தினார்கள்.

மறு ஆண்டு திரும்ப அழைத்துக் கைது செய்தார்கள். செப்டம்பர் 13 இரவு, அவர் காவலில் இருந்த வீட்டு வாசலில் மக்கள் விடிய விடியக் காத்துக் கிடந்தார்கள். இளம்பெண்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உள்ளிருந்து சொல்லி அனுப்பினார். மறுநாள் தீர்ப்பு. யோசித்துப் பாருங்கள் என்றார் புதிய ஆளுநர் கலேரியுஸ் மாக்சிமுஸ். இவ்வளவு நியாயமான விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை, உமக்கு இட்ட கட்டளையைச் செய்யும் என்று பதில் வந்தது. வெட்டுபவருக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொன்னார். மக்கள் அவர் முன்னால் துணிகளை விரித்தார்கள். கண்ணைத் தாமே கட்டிக்கொண்டார், கையைத் தாமே கட்ட முடியவில்லை. குரு ஒருவரும் துணைத்திருத்தொண்டர் ஒருவரும் கட்டிவிட்டார்கள். சில நாளில் அந்த ஆளுநரும் நோயால் இறந்துபோனார்.

பின்னாளில் ஆப்பிரிக்கத் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. பிரிந்துபோன தொனாத்தியர், பிரிவினையாளர் கொடுக்கும் திருமுழுக்கு செல்லாது என்ற சிப்ரியானின் வாதத்தைக் காட்டினார்கள். அவர்களோடு மல்லுக்கட்டிய ஹிப்போ ஆயர் அகுஸ்தீனும், கருத்து வேறுபட்டும் யாரையும் பிரித்துவிடாத சிப்ரியானையே காட்டினார். இரு தரப்பும் சரியாகத்தான் மேற்கோள் காட்டின என்பதுதான் வேடிக்கை. வணக்கம்.